அணுயுகத்து அதிபர் கையெழுத்துகள்

நேயர்களுக்கு வணக்கம். அணுயுகத்து அமெரிக்க அதிபர்களின் கையெழுத்துகளைச் சேகரிக்கிறவர்கள் போலியை எப்படி இனங்காண்பது என்று இன்று பார்ப்போம்.

1945 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த செய்தியை வாஷிங்டனில் வெள்ளை மாளிகை அறிக்கையாக வெளியிட்டது. அதிபர் ஹாரி ட்ரூமன் அப்போது ஊரில் இல்லை. ஜெர்மனியில் போட்ஸ்டாம் மாநாடு முடிந்து, ‘அகஸ்டா’ போர்க்கப்பலில் அட்லாண்டிக் கடலில் வந்துகொண்டிருந்தார். மறுநாள் இரவுதான் வெள்ளை மாளிகைக்குத் திரும்பினார். ஆகவே, அந்த அறிக்கையின் பிரதி ஒன்றை நீட்டி, ‘அன்றைக்கே ட்ரூமன் போட்ட கையெழுத்து’ என்று ஒருவர் சொன்னால், பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடலாம். பின்னாளில் யாரோ கேட்டு, நினைவுக்காகப் போட்டுக் கொடுத்தது என்றால் நடக்கக்கூடிய காரியம்தான். அப்போதும் பேனாவையும் தாளையும் விசாரித்தாக வேண்டும்.

புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் கையெழுத்தின் வளைவு நெளிவுகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். போலி செய்கிறவன் பழகிப் பழகித் தேர்ந்திருப்பதும் அதில்தான். அவன் சறுக்குவது பொருள்களின் வயதில். பால்பாயிண்ட் பேனா அமெரிக்கக் கடைக்கு வந்தது 1945 அக்டோபர் 29-ஆம் தேதி, நியூயார்க்கில், விலை 12.50 டாலர். அந்த ஆகஸ்டு தேதியிட்ட கடிதத்தில் பால்பாயிண்ட் கையெழுத்து இருந்தால் கதை முடிந்தது. முகவரியில் ஐந்து இலக்க ஜிப் எண் (அமெரிக்க அஞ்சல் குறியீட்டு எண்) அச்சிட்ட லெட்டர்ஹெட் 1963 ஜூலைக்கு முந்தியதாக இருக்க முடியாது.

தாளுக்கு 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அறையை நன்றாக இருட்டாக்கி, தாளின் இரு பக்கமும் பாருங்கள். சலவைத் தூளில் போடும் வெண்மையூட்டியைப் போன்ற ரசாயனத்தை 1950-ஐ ஒட்டித்தான் காகித ஆலைகள் பரவலாகச் சேர்க்கத் தொடங்கின. பழைய தாள் மங்கலாகக் கிடக்கும். புதியது பளீரென்று நீலமாக ஒளிரும். 1945 தேதியிட்ட கடிதம் அப்படி ஒளிர்ந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். ஒளிராததால் மட்டும் அசல் ஆகிவிடாது. பழைய புத்தகங்களின் வெற்றுத் தாள்களைக் கிழித்து அதில் போலி எழுதுவது நெடுங்காலப் பழக்கம்.

அதற்கும் ஒரு சோதனை உண்டு. கையெழுத்தின் கோடு மடிப்பைக் கடக்கும் இடத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். கையெழுத்துப் போட்டபின் மடித்த தாளில், மடிப்பு மைக்கோட்டை உடைத்திருக்கும். ஏற்கெனவே மடிந்த பழைய தாளில் எழுதியிருந்தால், ஊற்றுப் பேனா மை முறிந்த நாரில் இறங்கி இருபுறமும் கசிந்திருக்கும்.

பதவி முடிந்தபின் ட்ரூமன் மிசௌரியின் இன்டிபென்டன்ஸிலிருந்து எழுதிய கடிதங்கள் ஏலத்துக்கு அடிக்கடி வருகின்றன. குண்டைப் பற்றிப் பேசுகிற கடிதம் என்றால், வெறும் நன்றிக் கடிதத்தைப் போலப் பல மடங்கு விலை. வாங்கும்போது உறையையும் கேளுங்கள். ஆனால் உறையில் தபால்தலை ஒட்டும் இடத்தில் இருக்கும் ‘ஹாரி ட்ரூமன்’ கையெழுத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி முன்னாள் அதிபர்களுக்குத் தபால் இலவசம். அந்தக் கையெழுத்து பெரும்பாலும் அச்சு. அதைத் தனியாக விற்று ஏமாற்றுகிறவர்கள் உண்டு.

1963 ஆகஸ்ட் 5-ஆம் தேதி சிகாகோ பத்தி எழுத்தாளர் இர்வ் கப்சினெட்டுக்கு எழுதும்போது, குண்டு போட்டதைப் பற்றி, அதே நிலை வந்தால் மறுபடியும் அதையே செய்வேன் என்றார் ட்ரூமன். அதே நாளில்தான் மாஸ்கோவில் அணுச் சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. தற்செயல்தான், ஆனாலும் சேகரிப்பாளருக்கு இனிப்பான தற்செயல்.

அந்த ஒப்பந்தத்துக்கு ஜான் கென்னடி ஏற்பு கையெழுத்திட்டது அக்டோபர் 7. நவம்பர் 22-ல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகவே அந்த நிகழ்ச்சியின் படத்தில் அவர் கையெழுத்திடக் கிடைத்தவை 46 நாள்கள்தான். அதிலும் கென்னடி விஷயத்தில் செயலாளர்களின் கையும், கையெழுத்தை அப்படியே போட்டுத் தரும் ஆட்டோபென் இயந்திரமும் நிறையவே புகுந்திருக்கின்றன. இயந்திரக் கோட்டில் அழுத்தம் கூடிக் குறையாது; தொடக்கத்திலும் முடிவிலும் மைப்புள்ளி நிற்கும். தெரிந்த ஆட்டோபென் மாதிரியின் பிரதியை அதே அளவில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் மேலே வைத்துப் பாருங்கள். இம்மி பிசகாமல் பொருந்தினால் அது மனிதக் கை இல்லை.

அதிபர் கையெழுத்திடப் பயன்படுத்தியவை என்று விற்கும் பேனாக்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். ‘தி பிரசிடென்ட் – தி ஒயிட் ஹவுஸ்’ என்று பொறித்த பேனாக்களைச் சும்மா பரிசாகவும் கொடுத்தார்கள். கூடவே வெள்ளை மாளிகைக் கடிதம் வராத பேனா, வெறும் பேனா.

குறைந்த செலவில் தொடங்க அதிபர் ஐசனோவர் நல்ல வாசல். 1953 டிசம்பர் 8-ல் ஐ.நா. சபையில் அவர் ஆற்றிய ‘அமைதிக்கு அணு’ உரையை ஒட்டி, 1955 ஜூலை 28-ல் வாஷிங்டனில் மூன்று சென்ட் தபால்தலை வெளியானது. வெளியான நாளிலேயே முத்திரை குத்திய ‘முதல் நாள் உறை’ சுலபமாகக் கிடைக்கும். அவர் கையெழுத்துள்ளதுதான் தேட வேண்டியது.

ரகசிய முத்திரை ரத்தாகாமல் இருக்கும் அணுசக்தி ஆவணம், அரசு அலுவலகக் கோப்பு எண் உள்ள தாள் இரண்டையும் தொடாதீர்கள். தனியார் கையில் எத்தனை காலம் இருந்தாலும் அரசு உரிமை கோரலாம்.

வாங்கியதை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். இரண்டின் சேதமும் போகாது. பாலியெஸ்டர் உறையில், அமிலமற்ற அட்டையோடு, ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்தால் போதும். சட்டகம் போட்டு மாட்டியே ஆகவேண்டும் என்றால், ஜப்பானியத் தாள் கீற்றில் கோதுமை ஸ்டார்ச் பசையைத் தடவி மேல்விளிம்பில் இரண்டு இடத்தில் மட்டும் பிடிக்கச் செய்யுங்கள். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போடுங்கள். ஃபெல்ட் பேனாக் கையெழுத்து என்றால் சுவரில் மாட்டவே வேண்டாம். அந்த மை சில ஆண்டுகளிலேயே வெளுத்துவிடும். நகலை மாட்டிவிட்டு, அசலைப் பெட்டியில் வையுங்கள்.

வணக்கம்.