‘இன்டாபா’ன்னா கூட்டமா, சங்கதியா?

அடுத்த கேள்வி. டர்பன் பக்கத்து சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "கோயில் கமிட்டி ஆங்கிலத்துல அனுப்பின அழைப்புல 'இன்டாபா'ன்னு போட்டிருக்கு. இது ஆங்கில வார்த்தைதானா? மீட்டிங்குன்னே போட்டிருக்கலாமே?"

ஆங்கில அகராதியில இருக்குதுங்கம்மா, அதனால ஆங்கில வார்த்தைன்னு சொன்னா தப்பில்ல. ஆனா பிறப்பு ஜூலு மொழி. 19ஆம் நூற்றாண்டுல இந்தத் தென்னாப்பிரிக்கா பக்கம் வந்த ஆங்கிலேயர்கள் எடுத்துக்கிட்டாங்க.

ஜூலுவுல இதுக்கு முதல் பொருள் கூட்டம் இல்ல. நம்ம 'சங்கதி' இருக்கே, அச்சு அசல் அதுதான். 'யினி இன்டாபா?'ன்னா 'என்ன சங்கதி?' பன்மையில 'இஸின்டாபா'ன்னு வரும். அதுக்குச் செய்திகள்னு அர்த்தம், ரேடியோ நியூஸுக்கும் அதே பேருதான். 'அகுனன்டாபா'ன்னு அடிக்கடி காதுல விழுமே, அதைப் பிரிச்சுப் பாருங்க: கடைசியில நிக்கிற 'ன்டாபா' இதே சொல்தான். 'சங்கதி ஒண்ணும் இல்ல', அதாவது பரவாயில்ல. எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல் இது.

அப்போ கூட்டம்ங்கிற பொருள் எப்படி வந்தது? ஊர்த் தலைவரும், அவருக்கு ஆலோசனை சொல்ற இன்டூனாக்களும் ஒரு சங்கதியை வச்சு உட்கார்ந்து பேசுவாங்க. பேசின சங்கதியோட பேரு, பேச உட்கார்ந்த கூட்டத்துக்கும் ஆகிப்போச்சு. ஆங்கிலத்துல நிலைச்சது இந்தப் பொருள்தான். வெறும் மீட்டிங்குக்கு ஜூலுவுல 'உம்ஹ்லங்கானோ'ன்னு தனிச் சொல் இருக்கு. இங்க இருக்கிற ஆங்கிலத்துல பழைய பொருளும் விட்டுப்போகல: 'தட்ஸ் யுவர் இன்டாபா'ன்னா 'அது உன் பாடு'.

உச்சரிக்கும்போது 'டா'வை நீட்டணும். ஜூலுவுல கடைசிக்கு முந்தின அசைதான் நீளும். பன்மைக்கு ஆங்கிலத்துல பேசினா 'இன்டாபாஸ்' சரி. ஜூலு பேசும்போது அந்த 'ஸ்' ஒட்டக்கூடாது, பன்மை அங்க சொல்லோட முன்னாடி வரும்.

இப்போ மீட்டிங்குக்கும் இன்டாபாவுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு வர்றேன். 2011ல நம்ம டர்பன்ல நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டுல இந்தப் பேர்லயே பேச்சு நடத்தினாங்க. 2015ல பாரிஸ்லயும் அதே முறையைக் கையாண்டாங்க. எழுதி வச்ச அறிக்கையை வாசிச்சுட்டுப் போறது அதுல நோக்கம் இல்ல. இதுக்குக் கீழே இறங்க முடியாதுன்னு ஒவ்வொருத்தரும் எல்லையைச் சொல்லணும், சொன்ன கையோட எல்லாரும் ஏத்துக்கிற மாதிரி ஒரு வழியையும் சொல்லணும். ஓட்டெடுப்பு வச்சா தோத்தவங்க மனசுல அந்தச் சங்கதி தீராம கிடக்கும். அதனால ஒத்துப்போற வரைக்கும் பேசுறதுதான் முறை.

அதனாலம்மா, போறதுக்கு முன்னாடி கமிட்டியில ஒண்ணு கேட்டுக்குங்க: எந்தச் சங்கதியைப் பேசப் போறீங்க? கணக்கு வாசிச்சு, கை தூக்கச் சொல்லி முடிக்கிறதா இருந்தா, அதுக்கு நீங்க சொன்ன மீட்டிங்தான் சரியான பேரு.