பிறந்த நேரத்தைக் குறித்தது எந்தக் கடிகாரம்?

அவைத்தலைவர் அவர்களே, வாசகசாலை நண்பர்களே, தாய்மார்களே,

ஜோதிடத்தை மறுத்துப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் கோள்களின் தூரத்திலிருந்து தொடங்குவார்கள். நான் அவ்வளவு தூரம் போகப்போவதில்லை. நம் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியின் சுவர்க் கடிகாரத்தோடு நின்றுகொள்கிறேன். ஜாதகம் முழுவதும் பிறந்த நேரத்தை நம்பியே எழுதப்படுகிறது. லக்னம், அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கும் ராசி, ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாறும், நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும் என்பது ஜோதிடர்களே சொல்லும் கணக்கு. ஆனால் லயத்துக் காம்பராவில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த நம் முதியவர்களின் நேரமோ, "பெரட்டுக்குத் தப்படிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னே" (காலையில் வேலைக்கு ஆள் திரட்டப் பறையடிப்பதற்கு முன்) என்றும் "கொழுந்து நிறுக்கிற வேளை" என்றும் பாட்டிமார் நினைவில் வைத்திருந்ததுதான். அதிலிருந்து நிமிடக் கணக்கில் கட்டம் போட்டுக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய துணிச்சலை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

பழைய கதையை விடுவோம். இன்று கல்யாண வயதில் இருக்கும் பிள்ளைகளில் பலர் 1996க்கும் 2006க்கும் இடையில் பிறந்தவர்கள். மின்சாரத்தைச் சேமிக்கவென்று 1996 மே மாதத்தில் இலங்கை அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு அக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தது. மீதி அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை நீடித்தது. அந்தப் பத்தாண்டுகளில் பிறந்த ஒரு பிள்ளையின் நேரத்தை, கிரீன்விச் நேரத்தோடு இன்றுள்ள ஐந்தரை மணி வித்தியாசத்தையே வைத்துக் கணித்தால், லக்னம் ஏழு பாகைக்கு மேல் முன்னே போய்விடும். ஒரு ராசிக்கு முப்பது பாகை என்பதால், ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு லக்னமே மாறிவிடும். இடங்களை லக்னத்திலிருந்தே எண்ணுவதால், அது மாறினால் ஒன்பதாம் இடத்தில் இருந்த செவ்வாய் எட்டாம் இடத்துக்கு வந்து நிற்கும்.

எட்டாம் இடத்துச் செவ்வாய் என்றால் என்னவென்று பெண்பிள்ளையைப் பெற்றவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், தேத்தண்ணி குடிக்கிறார்கள், பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று வாயாரச் சொல்லிக் குறிப்பையும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். சில நாட்களில் "பொருந்தவில்லையாம்" என்று தரகர் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். அந்தப் பெண் மறுநாளும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போக வேண்டும். கூட வருகிறவர்களின் விசாரிப்புக்கும் பதில் சொல்ல வேண்டும். இத்தனைக்கும், லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் கல்யாணத்துக்கு ஆகாத செவ்வாய் தோஷம் என்பதே விதி. பன்னிரண்டில் ஐந்து என்றால் நூற்றுக்கு நாற்பது பேருக்கும் மேல். சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணத் தொடங்கினால் தப்புகிறவர்கள் குறைவு. அதனால்தான் விதியைவிட விதிவிலக்குகளின் பட்டியல் நீளமாக இருக்கிறது. எந்த விலக்கைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பது ஜோதிடரின் கையில்.

நேரம் சரியாகவே இருந்தாலும், திருக்கணிதம், வாக்கியம் என்று கணிப்பு முறையில் வேறுபடும் இரண்டில் எந்தப் பஞ்சாங்கம் என்ற கேள்வி மிஞ்சுகிறது. சனி மீனத்துக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 2025 மார்ச்சில். வாக்கியப்படி 2026 மார்ச்சில். ஏறக்குறைய ஓராண்டு முழுவதும் ஒரே சனிக்கு இரண்டு வீடு. கோயிலுக்கு மட்டும் இரண்டு தடவையும் அர்ச்சனைச் சீட்டு விற்பனையானது.

இதைச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. இலங்கைப் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் பத்து ஜாதகங்களைத் தருவதாகவும், அவற்றில் ஆண் யார், பெண் யார், இருப்பவர் யார், இறந்தவர் யார் என்று பிரித்துச் சொல்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுப்பதாகவும் அறைகூவினார். 1978இல் அவர் மறையும்வரை அந்தப் பணத்தை யாரும் வெல்லவில்லை. பின்னர் மகாராஷ்டிரத்தில் வானியலாளர் ஜயந்த் நார்லிகர் நன்றாகப் படிக்கும் 100 பிள்ளைகளின் ஜாதகங்களையும் மனவளர்ச்சி குன்றிய 100 பிள்ளைகளின் ஜாதகங்களையும் கலந்து, ஆளுக்கு 40 வீதம் ஜோதிடர்களிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார். பதில் அனுப்பிய 27 பேரின் கணிப்பில் சரியாகச் சொல்லப்பட்டவை நூற்றுக்கு 46. நாணயத்தைச் சுண்டியிருந்தால் ஐம்பதை எதிர்பார்த்திருக்கலாம்.

இதைச் சொன்னால், "கொடுத்த நேரம் பிழையாக இருந்திருக்கும்" என்று உடனே பதில் வரும். இருக்கலாம். ஆனால் அந்தச் சந்தேகம் பலன் பொய்த்த பிறகுதான் ஜோதிடருக்கு வருகிறது, தட்சணையை வாங்கும்போது, "பிள்ளை பிறந்தது எந்த ஆண்டு, அப்போது கடிகாரம் எப்படி இருந்தது?" என்று அவர் கேட்பதில்லை. அடுத்த முறை குறிப்பு எழுதக் கொடுக்கும்போது நீங்களே அவரிடம் கேட்டுப் பாருங்கள்.