உபாஸ்: லண்டனில் முளைத்த ஜாவா மரம்

நேயர்களுக்கு வணக்கம்.

வெப்பமண்டலத்து நச்சு மரங்களைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். பட்டியல் போட ஆரம்பித்தால் எட்டி, தில்லை, அரளி, சேங்கொட்டை என்று நம்மூரிலேயே நீண்டுவிடும். ஆளுக்கு இரண்டு வரி சொன்னால் எனக்கும் நிறைவு இருக்காது, உங்களுக்கும் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு போகிறேன். அதன் பெயர் உபாஸ். ஒரு காலத்தில் உலகத்திலேயே கொடிய மரம் என்று பெயரெடுத்தது. அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது ஒரு பத்திரிகைக் கட்டுரை.

1783 டிசம்பரில் லண்டன் மேகசினில் அந்தக் கட்டுரை வந்தது. எழுதியவர் பெயர் ஃபோர்ஷ் என்று போட்டிருந்தது. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியில் தான் மருத்துவர், ஜாவாவில் செமாராங்கில் வேலை பார்த்தவன் என்று சொல்லிக்கொள்கிறார். அந்தத் தீவின் உட்பகுதியில் ஒரு நச்சு மரம் நிற்கிறதாம். அதைச் சுற்றிப் பதினைந்து, பதினெட்டு மைல் தூரத்துக்குப் புல் பூண்டு கிடையாது, பறவை கிடையாது, மனிதன் போனால் திரும்ப மாட்டான். மரத்தின் பிசினை எடுத்துவர மரண தண்டனைக் கைதிகளை அனுப்புவார்களாம். எல்லையில் ஒரு வயதான பூசாரி இருப்பார். அவர் கைதிக்குத் தோலில் தைத்த முகமூடி ஒன்றைக் கொடுப்பார், அதில் கண்ணுக்கு நேரே இரண்டு கண்ணாடிச் சில்லு. காற்று முதுகுப் பக்கம் அடிக்கும்போது போ என்று சொல்லி அனுப்புவார். இருபது பேர் போனால் இரண்டு பேர் திரும்புவதே அபூர்வம்.

கதை என்று பார்த்தால் கெட்டிக்காரத்தனமான கதைதான். அந்த முகமூடி, அந்தக் கண்ணாடிச் சில்லு, காற்றின் திசை – பொய்யை நம்ப வைப்பது இந்த மாதிரிச் சில்லறை விவரங்கள்தான். ஐரோப்பா நம்பியது. கவிஞர்கள் பாடினார்கள், நாடகக்காரர்கள் மேடையேற்றினார்கள், ரஷ்யா வரைக்கும் போனது. ஆங்கிலேய அரசியல்வாதிகள் எதிரியைத் திட்ட உபாஸ் மரம் என்று சொல்லத் தொடங்கினார்கள்.

கதை முழுக்கக் காற்றில் பின்னியதும் அல்ல. ஜாவா எரிமலைத் தீவு. டியெங் மேடு போன்ற இடங்களில் நிலத்திலிருந்து கரியமில வாயு கசியும். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் பள்ளத்தில் தேங்கும், உள்ளே இறங்கிய விலங்கு மூச்சுத் திணறிச் சாகும். 1979-இல் அதே டியெங்கில் ஒரே விடியலில் 140 பேருக்கு மேல் இப்படித்தான் இறந்தார்கள். ஆக, எலும்பு கிடக்கும் பள்ளம் என்பது உண்மை. அம்பில் தடவும் மரப்பால் என்பதும் உண்மை. இரண்டையும் யாரோ ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

சரி, முடிச்சை அவிழ்த்தது யார்? இங்கேதான் தாவரவியலாளர்கள் வருகிறார்கள். முதலில் லெஷெனோ தெ லா தூர் என்ற பிரெஞ்சுக்காரர். 1800-இல் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட பிரெஞ்சுக் கப்பல் பயணத்தில் தாவரவியலாளராகப் போனவர். நடுவில் உடம்பு முடியாமல் திமோரில் இறங்கிவிட்டார். அங்கிருந்து ஜாவா. நோயாளியாக இறக்கிவிடப்பட்ட மனிதர் சும்மா கிடக்கவில்லை. தீவின் கிழக்கு மூலைக்குப் போய், யாரும் நெருங்க முடியாது என்று லண்டனில் அச்சான மரத்தைத் தேடிப் பிடித்தார்.

நூறு அடிக்கு மேல் ஓங்கி நின்ற மரம். பூவோடு ஒரு கிளை வேண்டும். பூவும் காயும் இல்லாமல் ஒரு செடியை இன்னது என்று உறுதியாகச் சொல்வது கடினம், எங்கள் தாவரவியலில் அது பழைய பாடம். உள்ளூர் ஆள் ஒருவரைக் கூலிக்குப் பேசி ஏறச் சொன்னார். அவர் பட்டையை வெட்டிப் படி போட்டுக்கொண்டே ஏறினார். வெட்டும்போதெல்லாம் பால் வடிகிறது, மேலே தெறிக்கிறது. இருபத்தைந்து அடி ஏறியதும் தலைசுற்றல், குமட்டல். இறங்கிவிட்டார். உடம்பு வீங்கிச் சில நாள் படுத்தே கிடந்தார். ஆனால் அதே மரத்தில் இன்னொருவர் உச்சி வரைக்கும் ஏறி இறங்கினார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் லெஷெனோ ஒரு மரத்தையே வெட்டிச் சாய்த்தார். உடைந்து கிடந்த கிளைகளுக்குள் தானே நுழைந்தார். கையிலும் முகத்திலும் பிசின் அப்பிக்கொண்டது. உடனே கழுவினார், ஒரு தொந்தரவும் இல்லை. தண்டில் பல்லியும் பூச்சியும் ஊர்ந்ததையும், கிளையில் பறவை உட்கார்ந்திருந்ததையும் எழுதி வைத்தார்.

1810-இல் பாரீசில் அவருடைய கட்டுரை வெளியானது. மரத்துக்கு அன்டியாரிஸ் டாக்ஸிகாரியா என்று பெயர் வைத்தார். ஆலும் அத்தியும் பலாவும் இருக்கிற அதே குடும்பத்து மரம். இன்னொன்றையும் அவர் பிரித்துக் காட்டினார்: ஜாவாவில் அம்பு நஞ்சு ஒன்றல்ல, இரண்டு. ஒன்று இந்த மரத்தின் பால். மற்றது காட்டில் படரும் ஒரு கொடியின் வேர்ப்பட்டையிலிருந்து எடுப்பது. அந்தக் கொடி நம் எட்டி மரத்தின் நெருங்கிய உறவு.

அவருக்கு அடுத்து அங்கே வேலை செய்தவர் தாமஸ் ஹார்ஸ்ஃபீல்ட். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் பிறந்த மருத்துவர், 1801 முதல் பல வருடம் ஜாவாவில் சுற்றியவர். அவருடைய கட்டுரை 1814-இல் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், அச்சானது. மரத்தைச் சுற்றிப் பாலைவனம் என்று ஃபோர்ஷ் எழுதினாரே, ஹார்ஸ்ஃபீல்ட் பார்த்த மிகப் பெரிய உபாஸ் மரத்தைப் புதரும் மற்ற மரங்களும் நெருக்கி நின்றன. கிட்டே போகவே வழி கிடைக்காமல் சிரமப்பட்டாராம்.

அவர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு. ஜாவாவின் கிழக்கு முனையில் இருக்கும் பான்யுவங்கியில் இந்த நஞ்சைக் காய்ச்சுவதில் பேர்போன ஒரு முதியவரை உட்கார வைத்து, அவர் செய்வதை ஒன்றுவிடாமல் எழுதினார். ஒரு கிண்ணத்தில் மரப்பால். அதில் கச்சோலக் கிழங்கின் சாறு, காட்டு இஞ்சிச் சாறு, வெங்காயம், பூண்டு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். அப்புறம் மிளகுப்பொடி. ரசம் கூட்டுகிற மாதிரி இருக்கிறதல்லவா? கடைசியாக முதியவர் ஒற்றை மிளகாய் விதையை எடுத்து அந்தத் திரவத்தின் நடுவில் போட்டார். விதை விறுவிறுவென்று சுழன்று, ஒதுங்கி, நின்றது. மறுபடி மிளகுப்பொடி, மறுபடி ஒரு விதை. விதை அசையாமல் நடுவில் கிடக்கும்போது நஞ்சு தயார். பக்குவம் பார்க்க அது அவருடைய அளவுகோல். மரப்பால்தான் கொல்லும் சரக்கு. ஆனாலும் ஹார்ஸ்ஃபீல்ட் அந்த வெங்காயத்தையும் பூண்டையும் கேலி செய்யாமல் அளவோடு குறித்து வைத்தார். அந்த முதியவரின் பெயரையும் குறித்திருக்கலாம். மரத்தில் ஏறி உடம்பு வீங்கிய அந்த மனிதரின் பெயரையும்தான்.

ஜாவாவிலிருந்து போன நஞ்சு பாரீசில் இரண்டு பேர் கைக்கு வந்தது. ஒருவர் டெலீல், நெப்போலியனோடு எகிப்துக்குப் போன தாவரவியலாளர். இன்னொருவர் மஜாந்தி, இருபத்தைந்து வயது உடலியல் ஆராய்ச்சியாளர். 1809-இல் கொடியின் நஞ்சை நாய்களுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். உடம்பு வில்லாக விறைத்து இழுத்தது. தண்டுவடத்தைச் சிதைத்தால் இழுப்பு நின்றது. நஞ்சு வேலை செய்யும் இடம் தண்டுவடம் என்று தெரிந்தது. ஒரு நஞ்சு உடம்பில் எந்த உறுப்பைப் பிடிக்கிறது என்று சோதனையால் காட்டிய முதல் ஆராய்ச்சிகளில் இது ஒன்று. மருந்தியல் என்ற படிப்பு வளர்ந்த வேர்களில் ஒன்று இந்த ஜாவாக் கொடி. 1818-இல் பெல்லெட்டியே, காவந்தூ என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் எட்டி இனத்து விதைகளிலிருந்து ஸ்டிரிக்னைன் என்ற நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன என்று நாம் ஒதுக்கிய மரத்தின் சரக்கும் அதுதான்.

உபாஸ் மரப்பாலின் வேலையே வேறு. அது இதயத்தைப் பிடிக்கும். லண்டனில் பெஞ்சமின் பிராடி அதே ஆண்டுகளில் இதைக் கண்டுபிடித்தார். இதயத் தசையின் ஒவ்வொரு செல்லிலும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு புரதம் உண்டு. மரப்பாலில் இருக்கும் ஆண்டியாரின் அந்தப் புரதத்தை அடைத்துவிடும். செல்லுக்குள் கால்சியம் ஏறும், துடிப்பு தாளம் தவறும், பிறகு நின்றுவிடும். நம் தெருவோரத்து அரளியிலும் இதே வகை நஞ்சுதான். 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ வேண்டாம் என்று நிறுத்தியது நினைவிருக்கும். மலேசியக் காட்டுவாசிகள் ஊதுகுழல் அம்பில் இந்தப் பாலைத் தடவிக் குரங்கை வீழ்த்துவார்கள். அம்பு பட்ட இடத்துச் சதையை வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைத்துச் சாப்பிடுவார்கள். ரத்தத்தில் நேராகக் கலந்தால்தான் அந்த அளவு நஞ்சு ஆளை வீழ்த்தும் என்பது அவர்களுக்கு எந்தச் சோதனைச்சாலையும் சொல்லித் தராமலே தெரியும்.

அப்படியானால் கிட்டே போனாலே தீங்கு செய்யும் மரம் கிடையாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். உண்டு. கரீபியன் கடற்கரையில் மான்சினீல் என்று ஒன்று. மழைக்கு ஒதுங்கினால் இலையில் வழிந்த நீர் பட்டுத் தோல் கொப்பளிக்கும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை தீட்டி எச்சரிக்கிறார்கள். அதன் குடும்பம்தான் நம் பிச்சாவரத்துத் தில்லை. சிதம்பரத்தின் தல மரம். அதன் பால் கண்ணில் பட்டால் கொஞ்ச நாளைக்குப் பார்வையே போய்விடும். வேலிக்குத் தில்லை வெட்டுகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெட்டுவதில் காரணம் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஜிம்பி-ஜிம்பி. நம் செந்தட்டி மாதிரி தொட்டால் கொட்டும் செடி. இலையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி ஊசி. மரீனா ஹர்லி என்ற ஆராய்ச்சியாளர் சில வருடம் இதோடு குடித்தனம் நடத்தினார். முகமூடியும் வெல்டிங் கையுறையும் போட்டுக்கொண்டுதான் வேலை. ஊசி காற்றில் பறந்து மூக்கில் ஏறி ஓயாத தும்மல், பிறகு ஒவ்வாமை. அவர் தேடிய கேள்வி எளியது: இந்த இலையை யார் தின்கிறார்கள்? இரவில் வரும் ஒரு வண்டும், சிறிய கங்காரு ஒன்றும் மொத்தமாக மேய்ந்துவிட்டுப் போகின்றன. உலர்த்திப் பல பத்தாண்டு ஆன மாதிரியும் கையில் பட்டால் கொட்டும். அந்த நஞ்சு சிலந்தி நஞ்சையும் கூம்புச் சங்கின் நஞ்சையும் ஒத்த சிறு புரதம் என்று 2020-இல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் காட்டினார்கள்.

மறுபடி உபாசுக்கு வருகிறேன், ஏனென்றால் கதையின் நம்மூர்ப் பகுதி பாக்கி இருக்கிறது. ஜாவாவில் அந்த மரத்தை வெட்டிப் பார்த்த லெஷெனோவை 1816-இல் பிரெஞ்சு அரசு புதுச்சேரிக்கு அனுப்பியது. 1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் நீலகிரி ஏறியபோது உடல்நலம் குன்றிய நிலையில் அவரும் கூடப் போனார். அவர் சுற்றிய அதே மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு பெரிய மரத்தை நம் மலைக்குடிகள் வேறு விதமாகப் பழகி வந்தார்கள். தமிழில் நெட்டாவில், மலையாளத்தில் அரயாஞ்ஞிலி. மரவுரி என்றும் சொல்வார்கள், உடுத்தும் மரவுரியேதான்.

ஒரு காலத்தில் குடகில் இதில் சாக்கு செய்வார்கள். வேண்டிய நீளத்துக்கும் பருமனுக்கும் ஒரு கிளையை வெட்டி, கொஞ்சம் ஊறப்போட்டு, கட்டையால் சுற்றிலும் அடிப்பார்கள். உள்பட்டை நெகிழ்ந்து கொடுக்கும். அதை உட்புறம் வெளியாகத் திருப்பி, காலுறை கழற்றுவதாட்டம் உருவிக்கொண்டே வருவார்கள். கடைசியில் ஒரு வட்டு அளவுக்குக் கட்டையை விட்டுவிட்டு மீதியை அறுத்து எடுத்தால், அந்த வட்டே சாக்கின் அடி. ஒரு தையல் கிடையாது. நெல் கொட்டலாம், அரிசி கொட்டலாம்.

பிரிட்டிஷ் தாவரவியலாளர்கள் இதைப் பார்த்து வியந்து, சாக்குத் தரும் மரம் என்று பொருள்படத் தனிப் பெயரே வைத்தார்கள். புத்தகத்தில் ஒரு பக்கம் ஜாவாவின் நச்சு மரம், இன்னொரு பக்கம் மலபாரின் சாக்கு மரம். ஆப்பிரிக்காவில் ஒட்டுப்பலகைக்கு அறுக்கும் மரத்துக்கு வேறு பெயர். இலையையும் பூவையும் காயையும் ஒப்பிட்டுப் பார்த்து, எல்லாமே ஒரே இனம், உள்ளே சில கிளைவகைகள் மட்டும் என்று 1970-களில் டச்சுத் தாவரவியலாளர் பெர்க் வகைப்படுத்தினார். பதினெட்டு மைல் தூரத்துக்கு உயிரே இருக்காது என்ற மரத்தின் பட்டையை நம் காணிக்காரர்கள் என்ற மலைக்குடிகள் இடுப்பில் கட்டியிருந்திருக்கிறார்கள்.

நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மலேசியா போனால் ஈப்போ ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கிறது. அந்த ஊருக்குப் பெயர் வந்ததே இந்த மரத்தால்தான். இங்கே அகத்தியமலைப் பக்கம் பசுமைமாறாக் காட்டில் வழிகாட்டியிடம் நெட்டாவில் எது என்று கேளுங்கள். அடியில் தாராளமாக நிற்கலாம். சிவந்த பழத்தைப் பறவைகள் தின்பதைப் பார்க்கலாம். பட்டையைக் கீறிப் பார்க்க வேண்டாம், கையில் காயம் இருந்தால் கிட்டேயே போக வேண்டாம். பால் பட்டுவிட்டால் லெஷெனோ செய்ததைச் செய்யுங்கள், உடனே கழுவிவிடுங்கள்.

வணக்கம்.