பத்தாயிரம் ரேடியோக்களும் பதினாறு கோர்களும்

நேயர்களுக்கு வணக்கம். பத்தாயிரம் வைஃபை கருவிகள் ஒரே இடத்தில் பேச ஆரம்பித்தால் என்ன ஆகும்? அத்தனையையும் வாங்கி அடுக்கிப் பார்க்க முடியாது. அதனால் கணினிக்குள் அந்த வலையமைப்பைச் சிமுலேஷனாக ஓட்டிப் பார்க்கிறோம். என்எஸ்-3, ஓம்நெட் போன்ற மென்பொருள்கள் இதற்கென்றே இருக்கின்றன.

அவற்றின் உள்ளே நடப்பது இதுதான். நடக்கவேண்டிய நிகழ்வுகள் நேர வரிசையில் நிற்கும். முன்னால் நிற்பதை முடித்துவிட்டு அடுத்ததை மென்பொருள் எடுக்கும். வழக்கமாக இதை ஒரே கோர், அதாவது செயலிக்குள் இருக்கும் ஒரே ஒரு கணக்கிடும் அலகு, செய்கிறது. 16 கோர் கணினி வாங்கினாலும் மீதி 15 சும்மா கிடக்கும்.

சரி, வலையமைப்பின் வரைபடத்தைப் பகுதிகளாக வெட்டிக் கோருக்கு ஒன்றாகக் கொடுத்தால்? ஒரு கோர் முந்திக்கொண்டு போன பிறகு, பின்தங்கிய பகுதியிலிருந்து பழைய நேரத்துச் சிக்னல் வந்து நிற்கலாம். 'இந்த நேரம் வரை பக்கத்திலிருந்து எதுவும் வராது' என்ற உறுதி இருந்தால்தான் துணிந்து முன்னே போகலாம். 1000 கிலோமீட்டர் ஒளியிழையைக் கடக்கச் சுமார் 5 மில்லிவினாடி ஆகும் என்பதால், அங்கே அவ்வளவு நேரத்துக்குப் பக்கத்திலிருந்து எதுவும் வராது; உறுதி தாராளம். வயர்லெஸ்ஸில் 300 மீட்டரை அலை 1 மைக்ரோவினாடியில் கடந்துவிடும். அவ்வளவு அடிக்கடி எல்லாக் கோர்களும் நின்று ஒத்துப்பார்த்தால், ஒற்றைக் கோரைவிட மெதுவாகக்கூட ஓடும்.

முந்திப்போய்விட்டு, தவறு தெரிந்தால் பின்வாங்கிச் சரிசெய்வது இன்னொரு வழி. கணினி அறிவியலாளர் டேவிட் ஜெஃபர்சன் 1985-இல் விளக்கிய 'டைம் வார்ப்' என்ற முறை இதுதான். ஆனால் வயர்லெஸ்ஸில் ஒருவர் பேசினால் சுற்றியுள்ள எல்லோருக்கும் கேட்கும். ஒரு தவறைத் திருத்தப் போனால் பத்துப் பேரைப் பின்னிழுக்க வேண்டியிருக்கும்.

எனக்குப் பிடித்த வழி வேறு. 1500 பைட் சட்டகம் (வைஃபை ஒரே மூச்சில் அனுப்பும் தரவுத் துண்டு) ஒன்று வினாடிக்கு 54 மெகாபிட் வேகத்தில் காற்றில் இருக்கும் நேரம் 200 மைக்ரோவினாடிக்கும் மேல். அது பிழையில்லாமல் வந்ததா என்ற விடை கடைசியில்தான் தேவை. மற்றக் கருவிகளின் குறுக்கீடு மொத்தம் எவ்வளவு என்று கூட்டிப் பார்ப்பது, பிழை வாய்ப்பைக் கணிப்பது போன்ற கனமான கணக்குகளை அந்த இடைவெளியில் மற்றக் கோர்களிடம் தள்ளிவிடலாம். சட்டகம் கிடைத்த பிறகும், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் 'கிடைத்தது' என்ற ஒப்புதலை அனுப்புமுன் 10 மைக்ரோவினாடி காத்திருக்க வேண்டும் என்பது விதி. அதுவும் நமக்கு லாபம்தான்.

இத்தனையும் இறங்கிச் செய்யுமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். முடிவை நம்ப, வெவ்வேறு தற்செயல் எண்களோடு பலமுறை ஓட்டத்தானே போகிறோம்? அந்த ஓட்டங்களைக் கோருக்கு ஒன்றாகப் போட்டுவிடலாம். நினைவகம் போதுமா என்று மட்டும் பார்த்தால் சரி. ஓர் ஓட்டமே நாள்கணக்கில் இழுத்தால்தான் வரைபடத்தை வெட்டுகிற வேலை.