4 சிசி வித்தியாசம்

நடுவர் ஐயா அவர்களுக்கும், இந்தக் கடற்காற்றிலும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் திருக்கோவில் ஊர் மக்களுக்கும் வணக்கம். எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணனுக்குத் தனி வணக்கம். எனக்கு ஸ்பானர் பிடிக்கக் கற்றுத்தந்தவர் அவர். அவருடைய கராஜில் ஆறு ஆண்டுகள் வேலை பழகியவன் நான். இன்று அவரை மறுத்துப் பேச வந்திருக்கிறேன். அவர் கற்றுத்தந்ததை வைத்தே மறுக்கப் போகிறேன்.

தலைப்பை ஒருமுறை நினைவுபடுத்துகிறேன். பொத்துவில் அறுகம்பைக்கு வரும் பயணிகள் தங்குவதற்காக, படுக்கையும் அடுப்பும் உள்ள டிரெயிலர் ஒன்றை நம்மூர்த் தம்பி ஒருவர் செய்து வைத்திருக்கிறார். அதை இழுக்கப் பழைய கெப், அதாவது பிக்கப் வண்டி, ஒன்று வாங்க வேண்டும். காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ இல்லாத பழைய டீசல் எஞ்சினா, டர்போவும், கம்ப்யூட்டர் சொல்படி உயர் அழுத்தத்தில் டீசலைத் தெளிக்கும் கொமன் ரெயிலும் உள்ள பிற்கால எஞ்சினா? அண்ணன் முன்னதற்கு, நான் பின்னதற்கு.

பழைய எஞ்சினில் கம்ப்யூட்டர் இல்லை, எந்த ஊரிலும் பிரித்துப் பூட்டலாம், எந்த டீசலையும் குடிக்கும் என்றார் அண்ணன். மூன்றையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தலைப்பில் "இழுக்க" என்று ஒரு சொல் இருக்கிறது. பத்து நிமிடம் பேசியும் அண்ணன் அந்தச் சொல்லை ஆழமாகப் பார்க்கவில்லை!

நான் பார்க்கிறேன். டொயோட்டா ஹைலக்ஸ் கெப்பில் வந்த இரண்டு எஞ்சின்களை எடுத்துக்கொள்வோம். அண்ணன் புகழ்ந்த, டர்போ இல்லாத 5எல் எஞ்சினின் கொள்ளளவு 2,986 சிசி. நான் சொல்லும், டர்போவும் கொமன் ரெயிலும் உள்ள 1கேடி எஞ்சின் 2,982 சிசி. நடுவர் ஐயா, வித்தியாசம் 4 சிசி. ஒரு தேக்கரண்டி அளவுகூட இல்லை. ஆனால் 5எல்லின் முறுக்குவிசை, அதாவது எஞ்சின் தண்டைச் சுழற்றும் விசை, 200 நியூட்டன் மீற்றரை ஒட்டித்தான் நிற்கிறது. அதற்கும் நிமிடத்துக்கு 2,400 சுற்று வரை மிதிக்க வேண்டும். 1கேடி, 1,400 சுற்றிலேயே 343 கொடுக்கிறது. டிரெயிலரை நின்ற இடத்திலிருந்து அசைப்பது அந்த 1,400 சுற்றுத்தான். குதிரைவலு நேர்ச்சாலையில் வேகம் காட்டும். ஏற்றத்தில் பின்னால் தொங்கும் பாரத்தைக் குறைந்த சுற்றிலேயே இழுக்க முறுக்குவிசை வேண்டும்.

இந்தத் தம்பி டிரெயிலரைக் கோமாரிக்கு மட்டும் இழுக்கப் போவதில்லை. பொத்துவிலில் கடல் பார்த்த பயணி அடுத்து மலையூரான எல்லவுக்குத்தான் போகக் கேட்பார். மலையடிவாரத்து வெல்லவாய வரை கவலை இல்லை. அங்கிருந்து எல்ல வரை முப்பது கிலோமீற்றர்கூட இல்லாத தூரத்துக்குள் சாலை 800 மீற்றருக்கு மேல் உயர்கிறது. 1,000 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். டர்போ இல்லாத எஞ்சினுக்கு, பாரம் அழுத்தும் நேரத்தில் மூச்சும் குறைகிறது. டர்போ அந்தக் காற்றை அமுக்கி உள்ளே தள்ளிக் குறையை ஈடுசெய்கிறது.

நான் இதைப் படித்து மட்டும் சொல்லவில்லை. பண்டாரவளையில் ஒரு வேலைக்காக, ஜெனரேட்டர் ஏற்றிய டிரெயிலரை டர்போ இல்லாத கெப்பில் கட்டி அந்த ஏற்றத்தில் போயிருக்கிறேன். இராவணன் நீர்வீழ்ச்சிக்குக் கீழே முதல் கியர்தான். நடக்கிற வேகம். அந்த வேகத்தில் ரேடியேட்டருக்குக் காற்று எங்கிருந்து வரும்? வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டது. நிறுத்தினேன். ஹேன்ட் பிரேக் போட்டும் வண்டி ஒரு சாண் பின்னால் நழுவியது. கூட வந்த பையன் குதித்து, பின் சக்கரத்துக்கு இரண்டு கல் வைத்தான். பின்னால் ஒரு பஸ் நிறையச் சனம். பிறகு அவன் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனான். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். பதினெட்டு வயதுப் பிள்ளை. அந்தக் கை வெந்திருந்தால் அவன் அம்மாவுக்கு நான் என்ன சொல்லியிருப்பேன்? கியரைக் குறைத்தால் எதுவும் ஏறும் என்றும் சொன்னார் அண்ணன். ஏறும். இப்படித்தான் ஏறும்.

அடுத்து, அமெரிக்காவைக் காட்டினார். அங்கே டிரெயிலர் வீடு இழுப்பவர்கள் இன்றும் தேடி வாங்குவது டொட்ஜ் ராம் கெப்பில் வந்த பழைய 5.9 லீற்றர் கம்மின்ஸ் டீசல் எஞ்சின், அதில் கம்ப்யூட்டர் இல்லாத டீசல் பம்ப் என்றார். சரியான தகவல். ஆனால் பாதித் தகவல். 1989இல் அந்த கெப்பில் வந்தபோதே அந்த எஞ்சினில் டர்போ இருந்தது. 540 நியூட்டன் மீற்றருக்கு மேல் கொடுத்ததும் அதனால்தான். அண்ணன் அழைத்து வந்த சாட்சி என் பக்கம் நிற்கிறார், நடுவர் ஐயா!

எங்கள் எஞ்சினுக்கும் நோய் உண்டு. அதை மறைத்து வெல்ல எனக்கு விருப்பமில்லை. 1கேடியில் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் அடியில் செப்பு வாஷர் இருக்கிறது. அது கசிந்தால் எரிந்த வாயு எண்ணெய்க்குள் கலந்து, எண்ணெய் தார்போல ஆகி, எஞ்சினின் அடியில் எண்ணெய் நிற்கும் சம்புக்குள் இருக்கும் வடியை, அதாவது எண்ணெய் வடிகட்டும் வலையை, அடைக்கும். எண்ணெய் ஏறாத எஞ்சின் இறுகிவிடும். இன்னொன்று, 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் பரல்களில் சேர்த்துவைத்த, தண்ணீர் கலந்த டீசலை ஊற்றி ஓடிய வாகனங்கள் என் கராஜுக்கே வந்தன. கொமன் ரெயில் இன்ஜெக்டர் அதைப் பொறுக்காது. 2020இல் வாகன இறக்குமதி நின்று, 2025இல் மீண்டும் தொடங்கும் வரை கைமாறிக் கைமாறி ஓடிய வண்டிகளும் சந்தையில் ஏராளம்.

ஆனால் இவை வாங்குமுன் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடிய குறைகள். சம்பைக் கழற்றினால் வடி கண்ணுக்குத் தெரியும். வாஷர் மாற்றலாம், டீசல் வடிகட்டியை நேரத்துக்கு மாற்றலாம். 5எல்லில் இல்லாத 143 நியூட்டன் மீற்றரை எந்தக் கராஜில் வாங்கிப் பூட்டுவது? அண்ணனிடமே கேட்கிறேன்.

தீர்ப்பு நடுவர் ஐயாவின் கையில். எனக்கு மணியடிக்குமுன், முன்வரிசையில் இருக்கும் அந்தத் தம்பியிடம் ஒரு சொல். நாளைக் காலை நீ பார்க்கப் போகும் கெப்பை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுமுன் பொனட்டில் கை வைத்துப் பார். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சினின் சத்தத்தை நீ கேட்டுவிடக்கூடாது என்று யாரோ முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வா. மறுநாள் போகும்போது என்னையும் கூப்பிடு. அண்ணனையும் கூப்பிடு, அந்தச் சத்தத்தை என்னைவிட அவர்தான் சரியாகக் கேட்பார்.