போர்முனையைவிடக் கடினம் வீட்டு வாசல்

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் வீற்றிருக்கும் பெரியவர்களுக்கும், அவையோருக்கும் என் பணிவான வணக்கம்.

"ஒரு படைவீரரின் வாழ்க்கையில் கடினமான களம் போர்முனையா, வீடா?" என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய ஐயா ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு அமர்ந்தார். "போர்முனையில் உயிர் போகும். வீட்டில் என்னம்மா போய்விடும்?" அரங்கம் அதிரக் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். இருபத்தாறு ஆண்டுகள் பட்டாளத்தில் இருந்தவரின் மகள் நான். அந்தக் கேள்வியில் இருக்கும் மரியாதை எனக்குத் தெரியும். ஆனால் "வீட்டில் என்ன போய்விடும்" என்பதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, நடுவர் அவர்களே.

அப்பா லீவில் வந்திருந்த ஒரு நாள். பள்ளியில் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஆசையாக அவரே கிளம்பி வந்தார். சலவைச் சட்டை, பளபளக்கும் ஷூ. "மகள் எந்த வகுப்பு சார்?" என்று ஆசிரியை கேட்டார். அப்பா நிமிர்ந்து நின்று, "நான்காம் வகுப்பு" என்றார். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. பக்கத்தில் நின்ற நான், "அஞ்சுப்பா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்ட பேனாவை மூடி, ரொம்ப நேரம் சட்டைப் பையில் சரியாகச் செருகிக்கொண்டே இருந்தார்.

அவர் ஒரு சொல் சொன்னால் முப்பது பேர் கொண்ட பிளாட்டூன் அசையும். அதே மனிதர் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டிருப்பார். நானும் தம்பியும் அவரைத் தாண்டி ஓடிப்போய், "அம்மா, விளையாடப் போகட்டுமா?" என்று கேட்போம். அவரை அவமதிக்கும் எண்ணம் எங்களுக்குத் துளியும் கிடையாது. அனுமதி கேட்க வேண்டிய இடம் அம்மா என்பது எங்கள் காலுக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். எதிரணி ஐயாவுக்கு நான் சொல்லும் பதில் இது. வீட்டில் போவது அவருடைய இடம்.

இதில் யார்மேல் குற்றம் சொல்வது? அம்மா என்ன செய்வார்? தண்ணீர்க் குழாய் உடைந்தால் அவர், பிள்ளைக்கு மூச்சிரைத்தால் அவர், சாவு வீட்டுக்குப் போவதும் அவர். இல்லாத ஆளுக்காக ஒரு வீடு காத்திருக்க முடியாது. அது தன்னைத் தானே சரிசெய்து நடக்கப் பழகிவிடும். அப்படிப் பழகிய வீட்டுக்குள்தான் அவர் ஒருநாள் பெட்டியோடு நிரந்தரமாக வந்து நிற்கிறார்.

நம் முன்னோர் முல்லைத் திணைக்கு உரிப்பொருளாக "இருத்தல்" என்று வைத்தார்கள். கார்காலம் வந்துவிட்டது, போன தலைவன் இன்னும் வரவில்லை, அவள் ஆற்றியிருக்கிறாள். அவனோ வினை முடித்துத் தேரேறி, "விரைந்து செலுத்து" என்று பாகனிடம் சொல்கிறான். கேட்கும்போதே நெஞ்சு நிறைகிறது. ஆனால் அந்தத் தேரை விட்டு இறங்கிய பிறகு, மறு மாதம், அந்த வீட்டில் என்ன நடந்தது? அந்த மறு மாதத்தைப் பற்றித்தான் எங்கள் அணி பேசுகிறது.

1973 மார்ச் 17. கலிஃபோர்னியாவில் டிராவிஸ் விமானப்படைத் தளம். வியட்நாமில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்த ராபர்ட் ஸ்டர்ம் என்ற அமெரிக்க விமானப்படை அதிகாரி வந்து இறங்குகிறார். பதினைந்து வயது மகள் இரு கைகளையும் விரித்து, கால் தரையில் படாமல் பறந்து வருகிறாள். பின்னாலேயே மற்ற பிள்ளைகளும் மனைவியும். அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள், மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற படம். படத்தில் அவர் முகம் தெரியாது, முதுகுதான் தெரியும். விடுதலையான அன்றே, திருமண வாழ்க்கை முடிந்தது என்று மனைவி எழுதிய கடிதம் அவர் கைக்கு வந்துவிட்டது. ஓராண்டுக்குள் மணமுறிவு. பின்னாளில் பிள்ளைகள் நால்வரும் அந்தப் படத்தைத் தங்கள் வீட்டில் மாட்டி வைத்தார்கள். அவர் மட்டும் மாட்டவில்லை. சிறையைத் தாங்கிய மனிதருக்கு அந்தப் படத்தைத் தாங்க முடியவில்லை, ஐயா!

ஜப்பானிய அதிகாரி ஹிரூ ஓனோடாவையும் நினைத்துப் பாருங்கள். 1944 இறுதியில் பிலிப்பைன்ஸின் லுபாங் தீவுக்கு அனுப்பப்பட்டவர், போர் முடிந்ததை நம்பாமல் 1974 மார்ச் வரை காட்டிலேயே இருந்தார். அதற்குள் அந்தத் தீவின் அப்பாவி மக்கள் பலர் உயிரிழந்தார்கள். அதை மறைத்து அவரைப் புகழ நான் வரவில்லை. அவருடைய பழைய மேலதிகாரியே நேரில் போய் ஆணையை வாசித்த பிறகுதான் ஆயுதத்தைக் கீழே வைத்தார். சொந்த நாட்டுக்குத் திரும்பினார், வரவேற்பு பலமாக இருந்தது. மறு ஆண்டே பிரேசிலுக்குக் கிளம்பிவிட்டார். காட்டில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இருக்க முடிந்தவருக்கு, திரும்பி வந்த ஊரில் ஓராண்டு தரிப்பது கடினமாக இருந்தது.

இரண்டாவதாகப் பேசிய சகோதரர், "வீட்டை நினைத்துத்தானே அவர் போர்முனையில் தாங்குகிறார், தாங்கும் தூண் எப்படிக் களமாகும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. நடுவர் அவர்களே, எங்கள் வீட்டில் ஒரு கடிதக் கட்டு இருக்கிறது. அம்மா எழுதியது, அப்பா எழுதியது, இரண்டையும் தேதிவாரியாக ஒருநாள் அடுக்கிப் படித்தேன். எனக்கு மஞ்சள் காமாலை வந்து பதினெட்டு நாள் படுத்திருந்த மாதத்தில் அம்மா எழுதியிருக்கிறார்: "இங்கு அனைவரும் நலம்." அதே மாதம் அப்பாவின் பக்கத்தில் நின்ற நண்பர் இறந்திருக்கிறார். அப்பா எழுதியிருக்கிறார்: "நான் நலம்." இரண்டு பேரும் அன்பினால்தான் மறைத்தார்கள். அவர் நினைத்துத் தாங்கிய வீடு, அந்தக் கடிதத்தில் இருந்த வீடு. ஓய்வுபெற்று வந்து சேர்ந்தது வேறு வீட்டில்.

போர்முனையில் அவருக்குப் பயிற்சி உண்டு, ஆணை உண்டு, தோளோடு தோள் நிற்க ஆள் உண்டு. ஓய்வுபெறும்போது வேலை தேடப் பயிற்சி தரும் படைகளும் இருக்கின்றன. மறுபடி தகப்பனாக, கணவனாக ஆவதற்கு யார் பயிற்சி தந்தார்கள்? மனதில் பட்ட காயத்துக்கே பெயர் கிடைக்க எவ்வளவு காலம் ஆனது பாருங்கள். 1915இல் மருத்துவ ஏட்டில் "ஷெல் ஷாக்" என்று எழுதினார்கள். இன்று நாம் பிடிஎஸ்டி என்று சொல்லும் நோய் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இடம்பெற்றது 1980இல். இடையில் அறுபத்தைந்து ஆண்டுகள்! அத்தனை ஆண்டுகளும், தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்த மனிதரைத் தொட்டு அமர்த்தியது யார்? பக்கத்தில் படுத்திருந்த மனைவிதான். அவளுக்கும் யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை.

நிறைவாக ஒன்று. அப்பா ஓய்வுபெற்று வந்த அன்று, அம்மா அலமாரியில் இரண்டு தட்டுகளைக் காலிசெய்து துடைத்து வைத்திருந்தார். அப்பா அதில் எதையும் வைக்கவில்லை. பெயரும் எண்ணும் எழுதிய கறுப்பு ட்ரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. தினமும் காலை அதை இழுத்து, சட்டையை எடுத்து, திரும்பத் தள்ளி வைப்பார். நாளைக்கே கிளம்பப் போகிறவர் மாதிரி. அம்மாவும் ஒருநாள்கூடக் கேட்கவில்லை, அந்தத் தட்டுகளில் வேறு எதையும் வைக்கவுமில்லை. பதினான்கு மாதம் கழித்து ஒரு மாலை நான் கல்லூரியிலிருந்து வந்தபோது பெட்டி கூடத்தில் திறந்து கிடந்தது. அப்பா ஒவ்வொரு சட்டையாக எடுத்து நீட்ட, அம்மா வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்ததும் அப்பா, "இந்தப் பெட்டியை மேலே பரணில் போட்டுடலாமா?" என்று கேட்டார்.

அந்தப் பதினான்கு மாதங்களையும் தராசில் வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.