என்ன கேஸ் வந்தது?

நேயர்களுக்கு வணக்கம்.

மருத்துவத் தேர்வு அறையிலிருந்து ஒரு மாணவர் வெளியே வந்ததும், வாசலில் காத்திருப்பவர்கள் சூழ்ந்துகொண்டு இரண்டு கேள்வி கேட்பார்கள். "என்ன கேஸ் வந்தது? எக்ஸாமினர் யாரு?" நானும் மாணவியாக இருந்தபோது அதைத்தான் கேட்டேன். ஆசிரியரான பிறகுதான் அந்தக் கேள்வி உறுத்த ஆரம்பித்தது. பல வருடப் படிப்பின் முடிவை, அன்றைக்குக் கட்டிலில் யார் படுத்திருந்தார், எதிரில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதா தீர்மானிப்பது?

இந்த மாதிரிக் கேள்விகளையே வேலையாக எடுத்துக்கொண்ட பல்கலைக்கழக ஆசிரியர்களில் நான் ஒருத்தி. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், இயன்முறை சிகிச்சையாளர் எல்லோருக்கும் பாடம் நடத்துகிறோம். நடத்திய பாடம் உண்மையில் உள்ளே இறங்கியதா என்று ஆராயவும் செய்கிறோம். மருத்துவக் கல்வி ஆய்வு என்ற இந்தத் துறை அப்படியொன்றும் பழையதல்ல. 1950களில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் என்ற மருத்துவர், தங்களுக்கு மருத்துவம் தெரியும், கற்பிக்கத் தெரியுமா என்று யோசித்து, அங்கேயே இருந்த கல்வித்துறைப் பேராசிரியர் ஸ்டீபன் ஆப்ரஹாம்சனோடு கைகோத்தார். ஒரு மருத்துவர் போய் அப்படிக் கேட்டதை இன்றைக்கும் பெரிய மனசாகத்தான் நினைக்கிறேன்.

சரி, தேர்வுக்கு வருவோம். 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டனும் அவருடைய சக ஆசிரியர்களும் ஒரு புதுத் தேர்வு முறையை வெளியிட்டார்கள். நாங்கள் ஆஸ்கி என்று சொல்வது அதைத்தான். ஒரே நோயாளி, ஒரே தேர்வாளர் என்பதற்குப் பதிலாக வரிசையாகப் பல நிலையங்கள். மணி அடித்ததும் மாணவர் அடுத்ததற்கு நகர வேண்டும். ஒன்றில் நெஞ்சைப் பரிசோதிப்பார், இன்னொன்றில் எக்ஸ்ரேயைப் படிப்பார், வேறொன்றில் கெட்ட செய்தியைச் சொல்வார். ஒரு நிலையத்துக்கு வரும் எல்லா மாணவருக்கும் அதே நோயாளி, அதே செக்லிஸ்ட், அதாவது செய்ய வேண்டியதையெல்லாம் வரிசையாக எழுதி, செய்யச் செய்யத் தேர்வாளர் டிக் போடும் தாள். அந்த செக்லிஸ்ட்தான் தேர்வை நியாயமாக்குகிறது என்று எல்லோரும் நம்பினோம்.

ஆராய்ந்து பார்த்தபோது விஷயம் வேறாக இருந்தது. ஒரு கேஸில் நன்றாகச் செய்தவர் அடுத்த கேஸில் தடுமாறுவது மிகவும் சகஜம். அதனால் தேர்வை நம்பகமாக்கியது பெரும்பாலும் நிலையங்களின் எண்ணிக்கைதான். பல நோயாளிகள், பல தேர்வாளர்கள் என்று பரவும்போது அதிர்ஷ்டத்தின் பங்கு குறைகிறது. கனடாவில் நடத்தப்பட்டு 1999இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் ஆச்சரியமானது. அனுபவம் மிக்க மருத்துவர்கள் செக்லிஸ்டில் தங்களைவிட இளையவர்களைக் காட்டிலும் குறைவாக மதிப்பெண் எடுத்தார்கள். தேர்வாளர் மொத்தமாகப் பார்த்துப் போட்ட மதிப்பெண்ணில் அவர்களே மேலே இருந்தார்கள். யோசித்தால் புரியும். தேர்ந்தவர் முப்பது கேள்வி கேட்கமாட்டார். நான்கு கேட்பார், நோய் பிடிபட்டுவிடும். டிக் போடும் தாளுக்கு மீதி இருபத்தாறு கேள்விதான் கண்ணில் படும்.

இதை நான் நேரில் பார்த்த இடம் ஒன்று சொல்கிறேன். 1963இல் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் தொடங்கிவைத்த வழக்கப்படி, எங்கள் தேர்விலும் பயிற்சி பெற்றவர்கள் நோயாளியாக நடிப்பார்கள். அன்று ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி முதுகு வலிக்காரராக நடித்தார். மாணவி உள்ளே வந்தாள். பெயர் சொன்னாள், டிக். கை கழுவினாள், டிக். "வலி எப்படி இருக்கு?" என்று கேட்டாள், டிக். அந்த அம்மா, "ராத்திரி திரும்பிப் படுக்க முடியலம்மா, அழுகையா வருது" என்றார். மாணவி தாளில் எழுதிக்கொண்டே, "சர்க்கரை, பிபி இருக்கா?" என்று அடுத்ததற்குப் போய்விட்டாள். ஏறக்குறைய முழு மதிப்பெண். தேர்வு முடிந்து நான் விசாரித்தபோது அந்த அம்மா சொன்னார்: "எல்லாம் கேட்டுச்சு. எதையும் காதுல வாங்கல."

தவறு அந்தப் பெண்ணிடம் இல்லை. நாங்கள் எதற்கு மதிப்பெண் வைத்தோமோ அதை அவள் படித்துக்கொண்டு வந்தாள். மாணவர்கள் பாடத்திட்டத்தைவிடத் தேர்வைத்தான் நம்புகிறார்கள்.

எங்கள் வேலையில் மனசைச் சங்கடப்படுத்தும் ஒன்றும் உண்டு. ஆய்வுக்கு உட்படுகிறவர்கள் எங்கள் மாணவர்களே. மதிப்பெண் போடும் கை, "ஆய்வில் சேருகிறாயா?" என்று படிவத்தை நீட்டினால் எந்த மாணவர் மறுப்பார்? அதனால் சம்மதம் கேட்பதை அவர்களுக்குப் பாடம் எடுக்காத வேறொருவரிடம் விடுகிறோம். பெயர்களை நீக்கிய பிறகே தரவைத் தொடுகிறோம். மருந்து ஆய்வுக்கு இருக்கும் கண்டிப்பு இதற்கும் வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அப்புறம், இப்படி வருடக்கணக்கில் செய்யும் ஆய்வைப் பதவி உயர்வு நேரத்தில் "இது கற்பித்தல்தானே" என்று ஒதுக்குவது நடக்கிறது. அது வலிக்கத்தான் செய்கிறது.

அடுத்த தேர்வில் அந்த செக்லிஸ்ட் தாளின் கடைசியில் நோயாளியாக நடிப்பவருக்காக ஒரு வரி சேர்த்தோம்: 'இவரிடம் மறுபடியும் வருவீர்களா, ஏன்?' தேர்வு முடிந்து இரண்டு நாள் கழித்து அதே மாணவி என் அறைக்கு வந்தாள். மதிப்பெண் கேட்கத்தான் வந்திருப்பாள் என்று பட்டியலைத் திறந்தேன். "அது இருக்கட்டும் மேடம். கடைசி வரியில என்ன எழுதியிருக்காங்க?" என்றாள். தாளை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு தடவை படித்தாள்.

நன்றி, வணக்கம்.